‘நான்’ என்று எழுத முடியாதவர்களின் மனு

(மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய், பத்து அணா, ஆறு தம்படி. 1841 ஆகஸ்ட் 10 அன்று மலபாரில் பத்து மாதக் குழந்தை ஒன்று இந்த விலைக்கு ஏலம் போனது. தாயின் விலை இதில் சேராது, அது தனி. ஏலம் விட்டது ஆள் கடத்தும் கும்பல் ஒன்றும் இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றம்.

மலபார் என்றதும் பக்கத்து மாநிலக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அதற்கான ஆணைகள் இங்கே ஜார்ஜ் கோட்டையிலிருந்துதான் போயின. கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த ஈ. பி. தாமஸ் என்பவர் 1841 நவம்பரில் மேல் நீதிமன்றமான சதர் அதாலத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வில்லியம் லோகனின் ‘மலபார் மேனுவல்’ அதன் சாரத்தைத் தருகிறது. பத்து வயதுக்கு உட்பட்ட பையனின் சராசரி விலை மூன்றரை ரூபாய். பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவு. பெண் வளர்ந்துவிட்டால் கணக்கு மாறும். சில தாலுகாக்களில் அவள் இன்னும் அடிமைகளைப் பெற்றுத் தருவாள் என்பதற்காகவே அதிக விலை கொடுத்தார்கள். மாட்டுச் சந்தையில் கறவை மாட்டுக்கு விலை வைக்கிற அதே கணக்கு.

அந்தக் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இருபத்தேழு அடிமைகள் யாருக்குச் சொந்தம் என்பது மட்டுமே விஷயமாக ஒரு வழக்கு நடந்தது. நீதிமன்றம் அதை எடுத்து, விசாரித்து, தீர்ப்பும் சொன்னது. வழக்கில் வாதி உண்டு, பிரதிவாதி உண்டு. இருபத்தேழு பேருக்கு அதில் என்ன இடம்? வழக்குச் சொத்து.

என் ஆய்வு இங்கேதான் தொடங்கியது. அடிமைமுறை பற்றிய காலனிய ஆவணங்களில் யார் மனு போடுகிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ஜன்மி மனு போடுகிறார். மிராசுதார் மனு போடுகிறார். ஓடிப்போன ஆளைப் பிடித்துத் தரச் சொல்லிக் கலெக்டருக்கு எழுதுகிறார்கள். ஓடிப்போனவரின் மனு கிடைப்பது அபூர்வம். அவர் ஓடிப்போனதுதான் அவருடைய மனு என்று நான் வாசிக்கிறேன். காகிதத்தில் எழுதப்படாததால் வரலாற்று ஆசிரியர்கள் அதை மனுவாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் எழுதவில்லை? எழுத்தறிவு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது போதாத பதில். எழுதத் தெரியாத மிராசுதார்களும் இருந்தார்கள், அவர்களுக்காக எழுத ஆள் இருந்தது. மனு எழுத முதலில் ‘நான்’ என்று ஒரு சொல் வேண்டும். திருவிதாங்கூரில் பணியாற்றிய மிஷனரி சாமுவேல் மேட்டீர், புலையர்களிடம் கட்டாயமாகத் திணிக்கப்பட்டிருந்த பேச்சு முறையைப் பதிவு செய்திருக்கிறார். எஜமானர் முன் ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, கரிக்காடி என்க வேண்டும். பெற்ற பிள்ளையைக் குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். ‘அடியேன்’ என்ற சொல்லைப் பக்தி இலக்கியத்தில் படித்து உருகியவர்கள் நம்மிலும் இருக்கலாம். ஒருவர் கடவுள் முன்னால் தானே எடுத்துக்கொண்ட சொல்லை, இன்னொருவர் வயல் வரப்பில் உதைபடாமல் இருப்பதற்காகச் சொல்லியிருக்கிறார்.

இதோடு தீட்டுத் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா சாதி இந்து. செறுமர் ஒருவர் அந்த வாசலை நெருங்கவே முடியாது. தூரத்தில் நின்று கத்த வேண்டும், அதை இடையில் ஒருவர் வாங்கி உள்ளே சொல்ல வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பது யாருக்குத் தெரியும்?

சரி, சர்க்கார் என்ன செய்துகொண்டிருந்தது? சர்க்காரே அடிமை எஜமான். மலபாரில் அரசு நிலங்களில் இருந்த அடிமைகளால் கம்பெனிக்கு ஆண்டுக்கு 927 ரூபாய் 13 அணா வருமானம் வந்தது. மனிதர்களை விற்கவும், அடகு வைக்கவும், பாட்டத்துக்கு விடவும் முடிந்த ஊரில் கம்பெனியும் ஒரு ஜன்மியாக இருந்து பாட்டம் வாங்கியிருக்கிறது. 1819-இலேயே வரிப் பாக்கிக்காக அடிமைகளை விற்பது நிறுத்தப்பட்டது. ஆனால் நீதிமன்ற ஏலம் நிற்கவில்லை. அதனால்தான் 1841-இல் அந்தக் குழந்தை ஏலத்துக்கு வந்தது.

1836-இல் சென்னை அரசாங்கம் அந்த 927 ரூபாயைத் தள்ளுபடி செய்து, அரசு நிலத்து அடிமைகளை விடுவிக்க ஒப்புக்கொண்டது. நல்ல செய்திதானே? அடுத்த வரியைக் கேளுங்கள். இந்த விடுதலையை வெளியே அறிவிக்கக் கூடாது என்றும் அதே ஆணை சொன்னது. அறிவித்தால் மற்ற உடைமையாளர்கள் கலங்குவார்கள், மற்ற அடிமைகள் தங்களுக்கும் விடுதலை வரும் என்று காலத்துக்கு முந்திய நம்பிக்கை கொள்வார்கள். இதுதான் காரணம். இந்தப் பகுதியை முதல் தடவை படித்தபோது நூலகத்திலிருந்து எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ஒரு அரசாங்கம் மனிதர்களை விடுதலை செய்கிறது, அது நாலு பேருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறது. எஜமானருக்கு வரும் கலக்கமும் அடிமைக்கு வரும் நம்பிக்கையும் அவர்களுக்கு ஒரே மாதிரியான ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. மலபாரின் அடிமைகள் 1835 கணக்கில் 1,44,000 பேர். 1842 கணக்கில் 1,59,000 பேர்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம். படித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகாது, நான்கே பிரிவுகள். ஒன்று, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரி வசூலிக்கவோ அடிமை என்று சொல்லி எந்த அதிகாரியும் ஆளை விற்கக் கூடாது. இரண்டு, அடிமை உடைமை உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டித் தராது. மூன்று, அடிமை என்பதற்காக ஒருவர் சம்பாதித்த அல்லது வாரிசாகப் பெற்ற சொத்தைப் பறிக்க முடியாது. நான்கு, சுதந்திர மனிதருக்குச் செய்தால் எது குற்றமோ, அடிமைக்குச் செய்தாலும் அது குற்றம்.

இவற்றில் எந்தப் பிரிவும் ‘நீ விடுதலையானவன்’ என்று ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்லவில்லை. நீதிமன்றம் கையைக் கழுவிக்கொண்டது. வைத்திருப்பவன் வைத்துக்கொள், எங்களிடம் வந்து கேட்காதே என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். அடிமை வைத்திருப்பதே தண்டனைக்குரிய குற்றமாக 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. நிலம் பற்றி அந்த நான்கு பிரிவுகளில் ஒரு சொல் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-இல் மற்றக் காலனிகளின் அடிமைமுறையை ஒழித்தபோது எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அந்தச் சட்டத்திலிருந்து கம்பெனி ஆண்ட பகுதிகளும் இலங்கையும் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. இங்கே நஷ்டஈடு கொடுக்கத் தேவையே வரவில்லை. ஆள் எங்கும் போக மாட்டான் என்று எஜமானருக்கும் தெரியும், சர்க்காருக்கும் தெரியும். போக நிலம் வேண்டுமே.

திருவிதாங்கூரில் 1836 கணக்குப்படி 1,64,864 அடிமைகள், ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். 1847-இல் அவர்களை விடுவிக்கச் சொல்லி மகாராஜாவுக்கு ஒரு மனு போனது. கையெழுத்திட்டவர்கள் மிஷனரிகள். 1853-இல் அரைகுறையாக ஒரு பிரகடனம், பிறகு 1855-இல் முழுமையான பிரகடனம். அந்த மிஷனரிகளின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒன்றரை லட்சம் பேருக்கான மனுவில் அவர்களில் ஒருவருடைய கைநாட்டுக்கூட இடம்பெறவில்லை.

தமிழ் மாவட்டங்களில் என்ன நடந்தது? அடிமை என்ற பேர் போய், கடன் வந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க்குப் பத்திரம் எழுதித் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை இதைத்தான் காட்டியது. அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் நிலம் என்ற சொல் பேச்சுக்கு வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1893 டிசம்பரில், நான் தேடிக்கொண்டிருந்த மனு வருகிறது. அதே ஆண்டு ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று அனுப்பியது. 112 அடி நீளம். 3,412 கையெழுத்துகள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்பது கோரிக்கை.

இதைச் சொன்னவுடன் சிலர் நெளிவார்கள். வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்த மனு என்று நம் முற்போக்கு நண்பர்களே எழுதியிருக்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இருபத்தேழு பேர் வழக்குச் சொத்தாக இருந்த நீதிமன்றத்தையும், தூரத்தில் நின்று கத்த வேண்டியிருந்த கச்சேரியையும் வைத்து அந்த மனுவைப் படியுங்கள். தேர்வு இங்கே நடந்தால் அன்றைக்கு யார் எழுதியிருப்பார்கள், யார் தேறியிருப்பார்கள், தேறியவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய மனுவைப் பிரித்திருப்பார் என்று அந்த 3,412 பேருக்கும் தெரியும். வெள்ளைக்கார நீதிபதி நல்லவர் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. குழந்தையை ஏலம் விட்டதும் அந்த ஆட்சிதான். இருக்கிற இரண்டு கதவுகளில் எது தங்கள் முகத்தில் அறைந்து சாத்தப்படும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள். அந்தக் கோரிக்கை சரியா தவறா என்று இன்று உட்கார்ந்து விவாதிக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிது, அந்த 112 அடியிலும் மிஷனரி நமக்காகப் பேசவில்லை என்பது.

என் தாத்தா வட மாவட்டம் ஒன்றில் படியாள். பாட்டி அவரைப் பற்றிச் சொல்லும்போது, “அவங்க வூட்டு ஆளா இருந்தாரு” என்பார். வேலை பார்த்தார் என்று சொல்லவே மாட்டார். எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் யார் யாரோ கைமாறி இப்போது வேறொருவர் பெயரில் இருக்கிறது. அப்பா அதற்காகத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கிறார். போன தடவை ஊருக்குப் போனபோது என்னை எழுதச் சொன்னார். “பாப்பா, ‘தங்கள் பாதம் பணிந்து’ன்னு ஆரம்பி, அப்பதான் படிப்பாங்க” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. பிறகு, “சரி, உனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுது” என்றார்.

‘நான்’ என்று தொடங்கி எழுதினேன். கீழே அப்பா கையெழுத்துப் போட்டார். ரசீது கொடுத்தார்கள். அது ஏழாவது ரசீது. பழைய ஆறையும் வைத்திருக்கும் மஞ்சள் பையில் அதையும் வைத்து, வீட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார்.