மனநோய்ச் சட்டமும் மலையகக் குடும்பங்களும்

(ஹட்டனில் நடைபெற்ற பொதுக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றியும், காணியைப் பற்றியும், வீட்டைப் பற்றியும் நாம் மேடைகள் தோறும் பேசி வருகிறோம். இனியும் பேசுவோம். ஆனால் நமது கோரிக்கைப் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறும் துயரம் ஒன்று உண்டு. பல லயங்களில் அது கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

ஒரு காம்பராவில் வாழும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இருபத்திரண்டு வயது மகனுக்குக் கடுமையான மனநோய் வருகிறது. இரவெல்லாம் உறக்கமில்லை. இல்லாத குரல்கள் அவன் காதில் கேட்கின்றன. சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான். அயல் வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகக் கூவுகிறான். வைத்தியரிடம் போவோம் என்று தாய் அழைத்தால், "எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் நோய்" என்கிறான். அவன் பிடிவாதக்காரன் அல்லன். நோயை நோயென்று உணரவிடாமல் தடுப்பதும் அந்த நோயின் குணங்களில் ஒன்று.

அந்தத் தாய் என்ன செய்வாள்? முதலில் கோடாங்கியை அழைப்பாள், முனிக்கு நேர்ந்துகொள்வாள். அதுவும் பலிக்காதபோது, விடியற்காலையில் பெரட்டுக்குப் போகவேண்டியவள், மகனைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவாள். அல்லது வீட்டிலிருந்து காவல் காத்துத் தன் பேரை இழப்பாள். பேர் போனால் அன்றைய கூலி போயிற்று. நிலைமை முற்றினால் பொலிசாருக்குச் செய்தி போகும். நோயாளி கைதியைப்போல் ஊர் பார்க்க இறக்கிச் செல்லப்படுவான். கயிறும் கதவும் பொலிசுமாக மூன்றே வழிகளை அவளுக்கு விட்டுவைத்திருக்கும் நாட்டில், சட்டம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்பது நமது கடமையாகும்.

சட்டம் இருக்கிறது, அன்பர்களே. அதன் வயதைத்தான் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இந்நாட்டில் மனநோயாளர் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இலங்கைத் தேயிலை முதன்முறையாக லண்டனுக்கு அனுப்பப்பட்டதும் அதே 1873-இல்தான். லூல்கந்துரையிலிருந்து 23 இறாத்தல் மட்டுமே போயிற்று. அன்று இம்மலைகளில் தழைத்திருந்தது கோப்பி. கோப்பி அழிந்தது, தேயிலை வளர்ந்தது, வெள்ளைத் துரை போனார், தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாயின, 1992-இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. இத்தனையும் மாறிய பின்னரும், மனநோயாளன் மீது கைவைக்கும் சட்டத்தின் அத்திவாரம் மட்டும் கோப்பிக் காலத்து அத்திவாரமாகவே நிற்கிறது.

அச்சட்டம் எதற்காகப் பிறந்தது? வைத்தியத்துக்காக அன்று. அக்காலத்தில் இந்நோய்களுக்கு மருந்தே இல்லை. தெருவில் திரிபவரைப் பிடித்து அடைப்பதும், அடைப்பதற்கு ஒரு நீதிமன்றத்தின் முத்திரையைப் பெறுவதுமே அதன் நோக்கம். மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, வைத்தியரின் சாட்சியத்தைக் கேட்டு, ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவர் எனத் தீர்மானித்து, மனநோயாளர் விடுதிக்கு அனுப்பும். 1956-ஆம் ஆண்டின் திருத்தம், தாமாக வந்து சேர்வோருக்கும், தம் விருப்பத்தைக் கூற இயலாத நிலையில் உறவினரால் கொண்டுவரப்படுவோருக்கும் வழி வகுத்தது. அது நன்று. ஆனால் ஒட்டுப்போட்ட துணி புதுத் துணியாகிவிடுமா? அங்கொடையில் நாட்டுக்கெல்லாம் ஒரு பெரிய மனநோய் ஆஸ்பத்திரி என்பதே அன்றைய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குத் தைத்த சட்டைதான் இன்றுவரை சட்டமாக இருக்கிறது.

சொத்துள்ளவருக்குச் சட்டம் வேறொரு கரிசனையும் காட்டியது. சித்தசுவாதீனமற்றவரின் ஆதனத்தைப் பராமரிக்க முகாமையாளர் ஒருவரை நியமிக்கும் வழியை 1889-ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை விரிவாகவே சொல்கிறது. காணியுள்ளவனின் காணியைக் காக்க நீதிமன்றம் உண்டு. காணியே இல்லாதவனுக்கு, அவன் உடலையும் உயிரையும் காக்க என்ன உண்டு?

நம்மை ஆண்ட ஆங்கிலேயர் தம் நாட்டில் பழைய பைத்தியச் சட்டங்களை 1959-இல் நீக்கிவிட்டுப் புதிய சட்டம் செய்துகொண்டனர். இந்தியா தனது 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1987-இல் மாற்றியது. அதையும் போதாதெனக் கண்டு 2017-இல் மீண்டும் மாற்றியது. இலங்கையிலோ, புதிய சட்டம் வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை கூறிற்று; 2007-இல் வரைவும் எழுதப்பட்டது. வரைவு சட்டமாகவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். "நோயாளியின் விருப்பத்துக்கு மாறாக வைத்தியம் செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுப்பது ஆபத்தல்லவா?" ஆபத்துத்தான். அதை மற்றெவரையும்விட நாம் நன்கு அறிவோம். 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் சில வரிகளால் ஒரே நாளில் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் நாம். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், நம்மை ஒரு சொல் கேளாமலே, இத்தனை இலட்சம் அங்கே, இத்தனை இலட்சம் இங்கே என்று பங்கிட்டார்கள். மனிதனைக் கேளாமல் அவன் தலைவிதியைக் காகிதத்தில் எழுதும் அதிகாரம் எத்தகையது என்பதை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. பிடிக்காத மனைவியைப் பைத்தியம் என்று சொல்லி அடைக்கவும், பங்குக் காணியைப் பறிக்கச் சகோதரனைச் சித்தசுவாதீனமற்றவன் ஆக்கவும் இத்தகைய சட்டங்கள் பல நாடுகளில் கருவியாகியிருக்கின்றன. அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016-இல் ஏற்று உறுதிசெய்தது. நோயாளியும் சட்டத்தின் முன் முழு மனிதனே என்பது அதன் சாரம்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுதந்திரம் என்ற பெயரால், பசியோடும் பயத்தோடும் ஓர் இளைஞனைப் பனியில் மலைமேல் அலையவிடுவது சுதந்திரமாகாது, அது கைவிடல். சட்டம் வழிவிடாத இடத்தில் கட்டாயம் இல்லாமற் போவதுமில்லை. ஆஸ்பத்திரியில், வைத்தியரின் கையெழுத்தோடு, நாட்கணக்கு வைத்து நடக்கவேண்டிய கட்டாயம், லயத்தின் இருட்டில், கணக்கே இல்லாமல், கயிற்றால் நடக்கிறது. ஆகவே கட்டாயம் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் கேள்வியன்று. எவர் கையில், எத்தனை நாளைக்கு, எவருக்குப் பதில் சொல்லும் கடப்பாட்டோடு என்பதே கேள்வி.

சங்கிலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ் நிலமே உலகுக்குக் காட்டியது. 2001 ஆகஸ்டு 6-ஆம் திகதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத தாய்தந்தையரும் உடன்பிறந்தோரும். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டனார் கப்பலேறிய அதே இராமநாதபுரச் சீமையில் இது நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அத்தீயின் பின்னர் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விடயத்தைக் கையில் எடுத்தது. இன்றைய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், எவ்வகையிலும் எவரையும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று விதிக்கிறது. நோயாளி தனக்கென ஒரு பிரதிநிதியை முன்னரே நியமிக்கலாம். கடும் நிலையில் அப்பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், இருவர் தனித்தனியே பரிசோதித்த பின்னரே, விருப்பமின்றிச் சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாட்கள் வரையில்தான். சேர்த்த செய்தி மீளாய்வுச் சபைக்குப் போகவேண்டும். நோயாளி அச்சபையில் முறையிடலாம். அந்தச் சட்டம் எல்லா ஊரிலும் சரிவர நடக்கிறதென்று நாம் சொல்லவில்லை. வைத்தியரும் கட்டிலும் மருந்தும் இல்லாத இடத்தில் எந்தச் சட்டமும் வெறும் காகிதமே. ஆயினும் காகிதத்தில்கூட இல்லாத உரிமையை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது?

அன்பர்களே, மலையகத்துக்கென்றே ஒரு துயரம் மேலதிகமாக உண்டு. அது மொழி. கால் முறிந்தவனுக்கு வைத்தியரின் மொழி தெரியாவிட்டாலும் எலும்பைப் பொருத்திவிடலாம். மனநோய்க்கு நோயாளியின் பேச்சே நாடி. அவன் கேட்கும் குரல் என்ன சொல்கிறது, அவன் அஞ்சுவது எதற்கு, சாகவேண்டுமென்று நினைக்கிறானா என்பவற்றை அவன் மொழியில் கேட்டால்தான் அறியலாம். தமிழ் மட்டுமே தெரிந்த தாயையும் தமிழ் தெரியாத வைத்தியரையும் எதிரெதிரே இருத்தி, இடையே ஒரு சிற்றூழியரை அரைகுறையாக மொழிபெயர்க்கவிட்டு, அதன்மேல் ஒருவனின் சுதந்திரத்தைப் பறிக்கும் கடதாசியை எழுதலாமா? மனநோய்ச் சட்டம் திருத்தப்பட்ட அதே 1956-இல்தான் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறிவிட்டது. அந்த வாக்கியம் மருத்துவமனைக் கட்டிலருகே வந்து சேரவேண்டும்.

இனி, நாம் கேட்பது யாது? சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, 1873-இன் சட்டத்தை நீக்கி, வைத்தியத்தையும் உரிமையையும் ஒருங்கே பேணும் புதிய சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அங்கொடையை நம்பியிராமல், நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் உள்ள ஆஸ்பத்திரிகளிலேயே இந்நோயாளருக்குச் சட்டபூர்வமான அவசர வைத்தியம் கிடைக்க அது வழிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, விருப்பமின்றிச் சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் நாட்கணக்கில் எல்லை வேண்டும். சுதந்திரமான மீளாய்வுச் சபை வேண்டும். ஏழைக்கு இலவசமாக வழக்கறிஞர் வேண்டும்.

மூன்றாவது, விசாரணையும் பத்திரமும் நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும். தமிழ் தெரிந்த உளநல உத்தியோகத்தர்கள் தோட்டப் பகுதிகளுக்கு நியமிக்கப்பட வேண்டும்.

நான்காவது, கட்டாயம் தேவைப்படுமுன்னரே உதவி வரவேண்டும். மாதமொருமுறை தோட்ட மருந்தகத்துக்கே வைத்தியர் வந்து, மாத்திரையோ மாதக்கணக்கில் வேலை செய்யும் ஊசியோ கொடுத்தால், பலர் மீண்டும் நோய் முற்றிக் கட்டப்படும் நிலைக்கே வரமாட்டார்கள். நோயாளியைப் பராமரிக்க வீட்டிலிருக்கும் தொழிலாளியின் பேர் வெட்டப்படக் கூடாது. அதற்கான விடுமுறையைக் கூட்டு ஒப்பந்தங்களில் கேட்கத் தொழிற்சங்கங்கள் முன்வர வேண்டும்.

இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் ஐயுறலாம். நுவரெலியாவின் மரக்கறித் தோட்டக்காரர்களைக் கேளுங்கள். 1995 அளவில் இந்நாட்டில் தற்கொலை இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கடும் நஞ்சான பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்ட விதி 1998-இல் நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் தற்கொலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. பயிர் அழியவில்லை, உயிர்கள் தப்பின. இதே அரசும் இதே பாராளுமன்றமும் செய்த காரியந்தான் இது. மனம் வைத்தால் இன்னொன்றையும் செய்யலாம்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. "கிறுக்கன்", "பைத்தியம்" என்று பிள்ளைகள் கல்லெறியும்போது பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறோமே, அது நிற்கவேண்டும். நோயுள்ள வீட்டில் பெண் எடுக்க மறுப்பதால்தான் தாய்மார் நோயை மறைக்கிறார்கள். மறைப்பதால்தான் அது முற்றுகிறது. கோவிலுக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. அதே ஏர்வாடித் தர்காவின் அருகிலேயே பின்னாளில் அரசு மனநல வைத்தியம் ஏற்பாடாயிற்று. வேண்டுதலும் மருந்தும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை. நேர்த்தியும் வையுங்கள், மருந்தும் கொடுங்கள். படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத் தொழிலில் உள்ள நண்பர்களே, இம்மலையில் பிறந்து இம்மலையின் கூலியால் படித்தவர்கள் நம்மில் பலர். ஒரு தாய் பத்திரம் நிரப்பத் தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கையில், அவள் பக்கத்தில் நிற்பதற்கு நமக்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

கயிற்றால் கட்டப்பட்டவனும் நம்மவன். கட்டிவிட்டுக் கண்ணீரோடு மலைக்குப் போகிறவளும் நம்மவள். இருவரையும் ஒருசேர விடுவிக்கும் சட்டமே நமக்கு வேண்டிய சட்டம். அதற்காக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு சங்கத்திலும் குரல் எழட்டும். உங்கள் வாக்கைக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லாதவரை விடாதீர்கள்.