கடல் கடந்த பணியும் ஏட்டில் விடுபட்ட ஊரும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று. தகரப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் காகிதங்கள். கோலார் தங்கவயலின் லைன்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வரிசையைக் காண்பது அரிது. மூத்தவன் சுரங்கத்தில் இறங்கினான். இளையவன் பெங்களூருக்கு ரயிலேறி, அல்சூர் ஏரிக்கரையில் உள்ள சாப்பர் படையில் சேர்ந்தான். சென்னைச் சாப்பர்களுக்குப் படைத்துறையில் வழங்கும் செல்லப் பெயரே 'தம்பி' என்பதாகும். அந்தத் தம்பிகளும், பிற படைப்பிரிவுகளில் சேர்ந்த நம்மவரும் கடல் கடந்து பணிபுரிந்த செய்தி அரசின் ஏட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றதா, இல்லையெனில் அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

போரிட்டவனை எழுதி வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துச் சொல்கின்றது. நம்மில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த பழைய வட ஆர்க்காட்டிலும் தருமபுரிப் பக்கத்திலும் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன. செங்கம் வட்டாரத்துக் கற்களில், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரில் நிகழ்ந்த பூசல், வீரன் யாருடைய சேவகன், அவன் பெயர் யாது என்பவற்றைக் காண்கின்றோம். ஆண்டு, இடம், தலைவன், பெயர் ஆகிய இந்நான்கும் இருந்தால் ஏடு நிறைவுற்றது. இக்கோலார்ச் சீமையிலும் வீரக்கற்கள் உண்டு.

இனி, அதே ஊர்களில் உள்ள மற்றொரு கல்லைப் பாருங்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு பல சிற்றூர்களில் சலவைக்கல் பலகைகளைப் பதித்தது. இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்பது அதன் வாசகம். சென்றவர் பெயரில்லை, சென்ற இடமும் இல்லை, எண் மட்டுமே உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி அந்த எண்ணுக்குள் தன் மகனை எங்ஙனம் தேடுவாள்?

ஊர்ப்பலகையில் கண்ட இக்குறை அயல்நாட்டுப் பெரிய நினைவுச் சின்னத்திலும் உண்டு. இராக்கு நாட்டில், மெசபடோமியாப் போரில் மடிந்து, கல்லறை தெரியாது போன 40,000க்கு மேற்பட்டோர்க்காக 1929இல் பாஸ்ராவில் நினைவுச் சின்னம் எழுப்பினர். அதனை 1997இல் நாசிரியா செல்லும் சாலைப் பக்கம் பெயர்த்து வைத்தனர். அதில் பிரிட்டிஷ் படையினர் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். ஏனைய சிப்பாய்கள், இன்ன சுபேதாரும் 'மற்றும் இத்தனை இந்தியப் போர்வீரரும்' என்ற அளவில் எண்ணாகி நின்றனர். கிழக்கு ஆப்பிரிக்காவிலோ நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1914 நவம்பரில் தாங்காத் துறையில் இறங்கிப் போரிட்ட படைகளுள் 61ஆம் பயனீர் படையும் 63ஆம் பாளையங்கோட்டை இலேசுக் காலாட்படையும் இருந்தன. இரண்டும் தென்னாட்டுப் படைகள். பயனீர் படைகள் 1933க்குள் கலைக்கப்பட்டுவிட்டன. படை கலைந்தால், அதன் கதையை வழிவழியாகச் சொல்லிவரும் வீடும் கலைந்துபோகின்றது.

நூறாண்டு கழித்து இக்குறையை ஒப்புக்கொண்டனர். காமன்வெல்த்துப் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர்க்கு ஏற்றத்தாழ்வான முறையில் நினைவு செய்யப்பட்டது என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயராலோ வேறெவ்வகையாலோ நினைவு செய்யப்படாமலே விடுபட்டனர் என்றும் அக்குழு கண்டது. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. போர் முடிந்தவுடன் பஞ்சாப் அரசு ஊர்வாரியாக எழுதிவைத்த ஏடுகள், சுமார் 3,20,000 வீரர்களின் விவரங்களோடு, லாகூர் அருங்காட்சியகத்தில் தொண்ணூற்றேழு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. அவற்றில் மூன்று மாவட்டங்களின் ஏடுகளைக் கணினியில் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டனர். சீக்கிய, முசுலிம் குடும்பத்தார் தம் பாட்டன் எந்த நாட்டுக்குச் சென்றான் என்பதை அதன்பின் படித்தறிந்தனர். ஏடு தப்பிப் பிழைத்ததால் வந்த பேறு அது.

நம் பக்கத்து ஏடுகளை நாம் காப்பது எப்படி? முதலில் ஏடு எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிதல் வேண்டும். சிப்பாயின் விடுப்பு, இடமாற்றம், திருமணம், குழந்தைப் பேறு, வெளிநாட்டுப் பயணம் என எது நிகழ்ந்தாலும் அவனுடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் ஆணையில் அதனை வெளியிட வேண்டும். அவ்வாணை படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்குச் செல்லும். அங்குள்ள எழுத்தர் அதனை அச்சிப்பாயின் 'ஷீட் ரோல்' என்னும் ஏட்டில் ஏற்றுவார். ஓய்வு பெறும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் புத்தகம் இந்த ஏட்டின் வழியே எழுதப்படுவது. ஆகவே பிழை மூன்றிடங்களில் நேரலாம்: யூனிட் ஆணை வெளியிடாமற் போகலாம், வந்த ஆணையை ஏட்டில் ஏற்றாமற் போகலாம், ஏட்டில் இருந்தும் புத்தகத்தில் எழுதாமற் போகலாம். மூன்றாவது வகைப் பிழையைத் திருத்துதல் எளிது. முதலாவதுதான் கடினம், அங்கே சான்று தேட வேண்டிய சுமை குடும்பத்தின் தலையில் விழுகின்றது.

காலமும் நமக்கு எதிராக ஓடுகின்றது. பென்ஷன் இன்றிப் படையை விட்டு வந்தவர்களின் பணி ஆவணங்களை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்து பின் அழித்துவிடுவது விதி. அதன்பின் எஞ்சுவது 'லாங் ரோல்' என்னும் நெடும்பட்டியல் ஒன்றே. அதில் எண், பெயர், சேர்ந்த நாள், நீங்கிய நாள் போன்ற சில விவரங்களைத்தாம் காணலாம். அவர் நடந்த நாடுகளை அதில் தேடிப் பயனில்லை.

அண்மையில் நம் சங்கத்தாரிடம் ஒரு மூதாட்டியார் வந்தார். அவருடைய கணவர் ஐக்கிய நாடுகள் படையோடு காங்கோ நாட்டுக்குச் சென்று திரும்பியவர். பென்ஷனுக்குரிய காலம் நிறையுமுன் படையை விட்டு வந்து, சுரங்கத்தில் பணியாற்றி, மறைந்தவர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வெளிநாட்டுப் பணியை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பதக்கம் ஒன்று உண்டு. ஆனால் அதில் பெயர் பொறிக்கப்படவில்லை. "அவரு போனது பொய்யா ஐயா?" என்று கேட்டார் அம்மையார். பணம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதித் தரச் செய்யுங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

நாம் விண்ணப்பம் எழுதினோம். ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன, நெடும்பட்டியலில் வெளிநாட்டுச் செய்தி இல்லை, வேறு சான்று இருப்பின் அனுப்புக என்று பதில் வந்தது. பின்னர்ப் பெட்டியைக் குடைந்தபோது ஆறு கடித உறைகள் கிடைத்தன. இவ்விடத்தில் இளைஞர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். அயல்நாட்டில் பணிபுரிந்த நம் படையினர்க்கென இந்திய அஞ்சல்துறை தனி அச்சேற்றிய தபால்தலைகளை வெளியிட்டதுண்டு. 1953இல் கொரியாவில் இருந்த காவற்படைக்கும், 1954இல் இந்தோசீன நாடுகளின் ஆணையத்துக்கும், 1962இல் காங்கோப் படைக்கும், 1965இல் காசாவில் இருந்த படைக்கும் இவ்வாறு வெளியாயின. இந்தியப் படம் பொறித்த தலையின் மேல் காங்கோவின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். உறையின் பின்புறம் அனுப்பியவரின் படை எண்ணும் பெயரும் யூனிட்டும் இருக்கும். தலையின் மேல் களத் தபால் நிலைய முத்திரையும் தேதியும் இருக்கும். பெயர், இடம், ஆண்டு, படை ஆகிய நான்கும் ஒரே உறையில் உள்ளன. செங்கத்து நடுகல்லில் உள்ள நான்குமே!

ஆனால் ஆறு உறைகளில் ஐந்தில் தபால்தலை இல்லை. பள்ளிக்கூடத்து ஆல்பத்துக்காகப் பேரன் என்றோ கத்தரித்து எடுத்துவிட்டான். தலையோடு முத்திரையும் தேதியும் போயின. அவனைக் குறை கூறுவானேன்? அதன் அருமையை அவனுக்கு யார் சொன்னார்கள்? எஞ்சிய ஓர் உறையின் ஒளிநகலைச் சான்றொப்பத்துடன் அனுப்பியிருக்கின்றோம். முடிவை எதிர்நோக்கியிருக்கின்றோம்.

அடுத்து, 1987 முதல் 1990 வரை இலங்கையில் பணிபுரிந்த நம்மவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படை சென்றது முறையா அன்றா என்பதில் தமிழராகிய நம்முள் கடுமையான கருத்துகள் உண்டு. இம்மேடையிலேயே அவை மோதியதுண்டு. அது வேறு வழக்கு. ஆணைப்படி சென்று, கண்ணிவெடியில் காலைப் பறிகொடுத்துத் திரும்பியவனுக்கு அவன் ஏடு சரியாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. அரசு அறிவித்த படைநடவடிக்கையில் உற்ற ஊனத்துக்குப் போர்க்காய விகிதத்தில் பென்ஷன் உண்டு. சாதாரண ஊனப் பென்ஷனைவிட அது கூடுதலானது. அத்தகைய நடவடிக்கையில் இறந்தவர் குடும்பத்துக்கும் தாராள விகிதத்தில் பென்ஷன் உண்டு. ஒரு வரி விடுபட்டால் குடும்பத்தின் அடுப்பெரிவதே மாறுபடும். இவர்களோடு பணியாற்றிய தோழர்கள் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர்; சாட்சி கூற வல்லவர்கள். இவர்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை.

பெயரும் ஊரும் வேறொரு தொல்லை. முனுசாமி என்பதை ஆங்கிலத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதுவர். ஏட்டில் 'மைசூர் ராஜ்யம், பவுரிங்பேட்டை' என்றிருக்கும். இன்று அது கர்நாடகம், பங்காருப்பேட்டை. மைசூர் என்ற பெயர் மாறியது 1973இல். சொந்த ஊரை 'வட ஆர்க்காடு' என்று எழுதியிருப்பர். அம்மாவட்டம் 1989இல் பிரிந்தது. அதிலிருந்து வந்த வேலூர் 2019இல் மூன்றானது. ஆகவே விண்ணப்பத்தில் ஏட்டில் உள்ளபடியே பழைய பெயரை முதலில் எழுதி, இன்றைய பெயரை அடுத்து எழுதுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகப் படை எண் வேண்டும். பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும். எண் ஒருவனுக்கே உரியது.

விண்ணப்பத்தை அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு அதிகாரிக்கு அனுப்புக. சாப்பர்களுக்கு அது பெங்களூரிலும், மெட்ராஸ் ரெஜிமெண்டாருக்கு நீலகிரி வெலிங்டனிலும் உள்ளது. பதிவஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துக. மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடாதீர், நகலே போதும். பதில் வாராவிடில் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில், ஏட்டில் உள்ளது யாது என்று கேட்கலாம். மறுப்பு வந்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயம் உண்டு. சென்னையிலும் கொச்சியிலும் அதன் கிளைகள் உள்ளன. அங்கே செல்லுமுன் ரெக்கார்டு ஆபீசில் முறையிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இடைத்தரகர் எவரும் இதற்குத் தேவையில்லை.

முன்னோர் வெளிநாட்டுப் போரில் மடிந்திருப்பின், போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைக் கட்டணமின்றித் தேடலாம். விடுபட்டிருந்தால் சான்றுடன் எழுதலாம். முதற் போரின் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். எண்ணும் பெயரும் படையும் பொறித்திருப்பர். அது வெள்ளியன்றி வெண்கலமாயிருந்தால் வருந்த வேண்டா. ஆயுதம் ஏந்தாது கூலிப்படையில் மண் சுமந்தவர்க்கு வெண்கலத்தில் கொடுத்தனர். உலோகத்திலும் உயர்வு தாழ்வு பார்த்த காலம் அது. கடலை அவர்களும் கடந்தவர்களே.

1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து மாண்ட சென்னைச் சாப்பர் படைச் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளித்தனர். அவர் பெயர் ஏட்டில் நிலைத்துவிட்டது. அவரால் உயிர் பிழைத்த வீரர்களும் இத்தாலியில் இருந்தவர்களே. அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் இவ்வரங்கில் அமர்ந்திருப்பினும் வியப்பில்லை.

அடுத்த ஞாயிறு முதல், ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இரு உறுப்பினர்கள் அமர்ந்திருப்பர். டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், பழைய உறைகள், யூனிட்டோடு எடுத்த நிழற்படம் ஆகியவற்றில் எது இருந்தாலும் கொண்டு வருக. உறைகளைப் பிரிக்காமலும் தலைகளைக் கத்தரிக்காமலும் கொண்டு வருக. நகல் எடுக்கும் செலவைச் சங்கம் ஏற்கும்.