பேரக் குழந்தையின் கால் வலி
(பெங்களூரு கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பிறகு சர்க்கார் உத்தியோகம். இந்த விஷயத்தைப் பேச எனக்கு இருக்கும் ஒரே யோக்யதை, நான் செய்த தவறுதான்.

என் நெருங்கிய உறவில் மூன்று வயதுப் பையன். ஓடி விளையாடிக் கொண்டிருந்தவன், "கால் வலிக்கிறது, தூக்கிக்கோ" என்று நடக்க மறுத்தான். விட்டு விட்டு ஜுரம், சாப்பாடு இறங்கவில்லை. "வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று தீர்ப்புச் சொன்னது நான். தைலம் தேய்த்தோம், திருஷ்டி சுற்றிப் போட்டோம். ஆறு வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது பாட்டிதான், "இவன் வயிறு ஒரு பக்கம் கல் மாதிரி இருக்கே" என்றாள். ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்துக்கு மேலே கட்டி. எலும்பு மஜ்ஜை வரை பரவியிருந்தது. நோயின் பெயர் நியூரோபிளாஸ்டோமா.

அது என்ன? குழந்தை கர்ப்பத்தில் உருவாகும்போது, நரம்பாக மாற வேண்டிய இளம் செல்கள் உடலில் அங்கங்கே போய்ச் சேர்ந்து முதிர்ச்சி அடைகின்றன. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றை நம்மைக் கேட்காமலே கவனிக்கும் நரம்புகளும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியும் இவற்றால் ஆனவை. சில செல்கள் முதிராமல் நின்று பெருகினால் அதுவே இந்தக் கட்டி. 1910ல் இதற்குப் பெயர் வைத்தவர் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்ற அமெரிக்க மருத்துவர். மூளைக்கு வெளியே குழந்தைகளுக்கு வரும் திடக் கட்டிகளில் இதுவே அதிகம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. கைக்குழந்தைகளுக்கு வரும் சில கட்டிகள் மருந்தே இல்லாமல் தானே கரைந்துவிடும். இந்தக் கட்டிகள் அட்ரினலின் வகை ரசாயனங்களைச் சுரப்பதால், அவற்றின் சிதைவுப் பொருட்கள் சிறுநீரில் தெரியும். இதை வைத்து ஜப்பானில் 1985 முதல் ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீர் சோதனை செய்தார்கள். நிறையக் கட்டிகள் அகப்பட்டன. ஆனால் சாவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அகப்பட்டவற்றில் பல தானே கரையக்கூடியவை. அந்தக் குழந்தைகளுக்கு வீணாக ஆபரேஷனும் மருந்தும் ஆயிற்று. 2004ல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆகவே, ஆரோக்கியமான குழந்தையைச் சோதனைக்கு இழுக்க வேண்டாம். அறிகுறி தெரிந்த குழந்தையைத் தாமதிக்கவும் வேண்டாம்.

அறிகுறிகள் என்ன? வயிற்றில் கெட்டியான வீக்கம். காரணம் தெரியாத ஜுரம், சோகை, எடைக் குறைவு. நடக்க மறுப்பது. அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கறுப்பது, கண் பிதுங்குவது. இவை பெரும்பாலும் சாதாரணக் காரணத்தால் வருபவைதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் அன்றைக்கே காட்டுங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், நீவி விடாதீர்கள்.

பரவாத கட்டி என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். கடுமையான வகையில், நல்ல வசதியுள்ள இடங்களில்கூட ஏறக்குறைய பாதிப் பேர்தான். கீமோதெரபி, ஆபரேஷன், குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்துவது, கதிர்வீச்சு என்று சிகிச்சை ஒரு வருஷத்துக்கு மேலும் நீளும். முதிராத செல்லை முதிர வைக்க வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து ஒன்றும் உண்டு. 2015ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எதிர்ப்பொருள் மருந்து பலன் தருகிறது. விலைதான் எட்டாத உயரம். நம் ஊரில் 1973ல் தொடங்கிய கித்வாய் நிலையத்தில் குழந்தைகள் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. வெளியூர்ப் பெற்றோர்கள் அங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள்.

இன்னொன்று. நோய் தெரிந்த அன்று வீட்டில் முதலில் எழுந்த கேள்வி, "இது யார் வழியில் வந்தது?" என்பது. கேட்டவர்களில் நானும் ஒருவன். பையனின் அம்மா காதில் அது விழுந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அம்மா சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ வருவதில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

பையனுக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் போகிறான். டாக்டர்கள் "குணமாகிவிட்டது" என்று இன்னும் சொல்லவில்லை, "பார்க்கலாம்" என்கிறார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் குழந்தைகளுக்கு ரத்தமும் பிளேட்லெட்டும் அடிக்கடி வேண்டும். 65 வயது தாண்டிய என்னிடம் வாங்க மாட்டார்கள். உங்கள் பிள்ளைகளும் மாட்டுப்பெண்களும் மாப்பிள்ளைகளும் கொடுக்கலாம். வெளியூரிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு நாலு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது நம் எல்லோராலும் முடியும்.