நீலக்கல் வாங்கும் முன்

2018-ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நாம் ஆசிரியராகப் பணிபுரியும் தோட்டப் பள்ளிக்கு, பால் வெட்டு முடிந்த கையோடு ஓர் அம்மையார் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு மணிமாலையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். வானத்து நீலம், இடையிடையே கறுப்பு நரம்புகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“சார், ஈரான் நாட்டுக் கல்லுன்னு சொல்லித் திருவிழாக் கடையில 180 வெள்ளிக்குக் கொடுத்தாங்க. மகளுக்குப் பரிசம் போடும்போது போடலாம்னு வாங்கினேன். ஒரு நாள் கோயிலுக்கு நான் போட்டுக்கிட்டுப் போனேன். வேர்வை பட்டு ரவிக்கைக் கழுத்தெல்லாம் நீலமாயிடுச்சு” என்றார்.

180 வெள்ளி! எத்தனை விடியற்காலைகளின் உழைப்பு அது! அவருக்கு அன்று நாம் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

மலாய்க்காரர்கள் பிருஸ் என்றும், வடஇந்தியர்கள் ஃபிரோசா என்றும் அழைக்கும் கல் இது. ஆங்கிலத்தில் டர்கோய்ஸ் என்பர். துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றதால், ‘துருக்கிக் கல்’ என்னும் பொருளில் அப்பெயர் வந்தது. உண்மையில் புகழ்பெற்ற கல் விளைந்த இடம் ஈரானிலுள்ள நிஷாப்பூர். எகிப்து மன்னன் தூத்தன்காமனின் பொன் முகமூடியிலும் இக்கல் பதிக்கப்பட்டிருக்கிறது.

இக்கல்லில் செம்பும் அலுமினியமும் பாஸ்பேட்டும் நீரும் கலந்துள்ளன. நீல நிறத்தைத் தருவது செம்பு. இரும்பு கலந்தால் பச்சை சாயும். நல்ல நீலக்கல் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவேதான் போலிகள் பெருகின.

போலிகளில் முதன்மையானது ஹவ்லைட் என்னும் வெள்ளைக் கல். கனடா நாட்டில் 1868-இல் அறியப்பட்டது. விலை மலிவு. இயற்கையிலேயே சாம்பல், கறுப்பு நரம்புகள் உண்டு. நுண்துளைகள் நிறைந்திருப்பதால் சாயத்தை நன்கு உறிஞ்சிக்கொள்ளும். நீலச் சாயத்தில் ஊறவைத்தால் பார்ப்பவர் மயங்குவர். மேக்னசைட் என்னும் வெள்ளைக் கல்லுக்கும் இவ்வாறே சாயமேற்றுவதுண்டு. கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்வதும் உண்டு.

இவற்றை எப்படி அடையாளம் காண்பது?

முதலாவதாக, மணியின் துளையைப் பாருங்கள். சாயம் மேலோடு நின்றிருந்தால், துளையின் உட்புறமும் உடைந்த ஓரமும் வெண்மையாக இருக்கும். அந்த அம்மையாரின் மாலையை வெளிச்சத்தில் பிடித்தோம்; துளைக்குள்ளே சுண்ணாம்பு போன்ற வெள்ளை தெரிந்தது.

இரண்டாவதாக, மணிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இயற்கைக் கல்லில் நிறமும் நரம்பும் மணிக்கு மணி வேறுபடும். எல்லா மணியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் ஐயம் கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உள்ளே சிறு காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. கையில் எடுத்ததும் கனமில்லாமலும் குளிர்ச்சியில்லாமலும் இருந்தால் பிளாஸ்டிக்காக இருக்கலாம்.

நான்காவதாக, நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, மறைவான ஓரிடத்தில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நீலம் ஒட்டினால் சாயமிட்ட கல் என்பது உறுதி. ஒட்டாவிட்டாலோ உண்மைக் கல் என்று உறுதியாகாது. சாயத்தின்மேல் பிசின் பூசியிருக்கலாம். இச்சோதனையை உங்கள் சொந்தக் கல்லில் மட்டும் செய்யுங்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கம் வேண்டாம். நல்ல கல்லும் பழுதாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல கல்லும் நிறம் மாறும். அதற்கும் நுண்துளைகள் உண்டு. வியர்வை, எண்ணெய், வாசனைத் திரவியம் ஆகியவை நாள்பட உள்ளே இறங்கினால் நீலம் பச்சையாகலாம். பாட்டி விட்டுச் சென்ற மோதிரம் பச்சையாகிவிட்டது என்று போலியென எறிந்துவிடாதீர்கள். ஆனால் நல்ல கல் துணியில் சாயம் விடாது. வேலைக்கும் குளியலுக்கும் முன் கழற்றி வையுங்கள். ஈரத் துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. மென்மையான உண்மைக் கல்லுக்குப் பிசினேற்றி உறுதிப்படுத்துவர். அது போலியன்று; ஆனால் அதை வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். போலிக் கல்லையும் போலியென்று சொல்லிப் பத்து வெள்ளிக்கு விற்றால் அதில் குற்றமில்லை. விரும்பியவர் வாங்கி அணியலாம். பொய் கல்லில் இல்லை நேயர்களே, சொல்லிலும் விலையிலும் இருக்கிறது.

ஆகவே, கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இயற்கைக் கல்லா? பிசினோ சாயமோ ஏற்றியதா? சொன்னதை ரசீதில் எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் பெருந்தொகை கொடுக்காதீர்கள். விலை மிகுந்த கல்லானால், இரத்தினக் கல் சோதனைக்கூடத்தில் காட்டிய பிறகே முடிவு செய்யுங்கள்.

அந்த அம்மையாரிடம் ரசீது இருக்கிறதா என்று கேட்டோம். தலை குனிந்தார். “ரசீது கேட்டா நம்மள மட்டமா நினைப்பாங்களேன்னு கேக்கல சார்” என்றார். ரசீது இருந்திருந்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே அவர் முறையிட்டிருக்கலாம். கடையும் போய்விட்டது, ஆளும் போய்விட்டார், கையில் சான்றும் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் பெரியோர். உழைத்துச் சேர்த்த காசைக் கொடுக்கும்போது எழுதித் தரச் சொல்வது மட்டமான செயலன்று. அது நம் உரிமை. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, படிக்கத் தெரிந்த பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ரசீதில் எழுதியிருப்பதை அப்பிள்ளை உரக்கப் படிக்கட்டும். அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.