தன் கையே தனக்குதவி



நம் முதுகெலும்புகளின் நடுவே, சுண்டுவிரல் பருமனில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நரம்புக்கொடி இறங்குகிறது. தண்டுவடம் என்பது அதன் பெயர். மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டு செல்வதும், தொடுவுணர்ச்சியையும் வலியையும் மூளைக்கு எடுத்துரைப்பதும் அதன் தொழில். மரத்திலிருந்து விழுவதாலோ சாலை விபத்தாலோ அக்கொடி சிதைந்தால், சிதைந்த இடத்திற்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விடுகின்றன. முதுகில் அடிபட்டவருக்குக் கால்கள் செயலிழக்கும். கழுத்தில் அடிபட்டவருக்குக் கைகளும் சேர்ந்து தளரும். முற்றிலும் அறுந்துபோன தண்டுவடத்தை மீண்டும் பழையபடி இணைக்கும் வழி இன்றளவும் மருத்துவத்திற்குக் கைவரவில்லை.

அப்படியானால் அவருடைய வாழ்வு அத்துடன் முடிந்ததா? முடிந்தது என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. பண்டை எகிப்து நாட்டு மருத்துவ ஏடு ஒன்று, இது சிகிச்சைக்கு உரிய நோயன்று எனக் கைவிட்டது. முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர்களைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தாம். இவ்விரண்டும் தடுக்கக்கூடியவை அல்லவா?

இதனை உணர்ந்து செயலாற்றியவர் டாக்டர் லுட்விக் குட்மன். யூதராகப் பிறந்த காரணத்தால் ஜெர்மனியை விட்டு 1939-இல் இங்கிலாந்து சென்று குடியேறியவர் அவர். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவு ஒன்றை ஏற்று நடத்தலானார். நோயாளரை இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு பகல் பாராது, புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். புண்கள் ஆறின. பிறகு அவர்களைப் படுத்திருக்க விடவில்லை; தச்சு வேலையும் தட்டச்சும் பயிலச் செய்தார். 1948 ஜூலை 29-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அம்மருத்துவமனைத் திடலில் வில்லெடுத்து அம்பு தொடுத்தனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகள் அந்த விதையிலிருந்து முளைத்தவையே.

நம் நாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் மோட்டார் விபத்தொன்றில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். ஆயினும் கைகள் இருந்தன. நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அமெரிக்கா சென்று அத்துறையைக் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

இத்துறையில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில், அங்கே நாங்கள் கற்பிப்பது யாது என்பதைச் சொல்கிறேன். நாற்காலியின் கைகளை ஊன்றி, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை உடலைத் தூக்கி இறக்க வேண்டும். உணர்வில்லாத தோல் நசுங்கிப் புண்ணாகாமல் இருக்க இதுவே காவல். காலையும் மாலையும் கண்ணாடி கொண்டு முதுகுப்புறத்தில் சிவப்புத் தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். கடிகாரம் பார்த்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு வழவழப்பான பலகையின் மீது நகர்ந்து செல்ல வேண்டும். இவை சிறு செயல்கள். ஆனால் பிறர் கையை எதிர்பாராமல் இவற்றைச் செய்யத் தெரிந்தவரே வீட்டை விட்டு வெளியே செல்ல முடியும்.

இவற்றிற்குப் பெருந்தடை எங்கிருந்து வருகிறது தெரியுமா? அன்பிலிருந்து! பனையிலிருந்து விழுந்து கால்கள் செயலிழந்த இளைஞர் ஒருவர் எங்களிடம் வந்தார். தாயார் அவருக்குச் சோறு ஊட்டினார்; சட்டை அணிவித்தார்; தலை வாரினார். அவருடைய கைகளுக்கோ ஒரு குறையும் இல்லை! தாயாரைச் சற்று விலகி அமரச் சொன்னோம். முதல் நாள் உடை மாற்றிக்கொள்ள அவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. "பெற்ற பிள்ளை படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களே, ஐயா!" என்று அந்த அம்மையார் கண்ணீர் விட்டார். அவர் அன்று சும்மா இருந்ததே அம்மகனுக்குச் செய்த பேருதவி. சில மாதங்களில் அதே வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. இன்று அவர் தம் ஊரில் ஒரு சிறு மளிகைக் கடை நடத்துகிறார். தாயாருக்கு மருந்து வாங்குவதும் அவரே.

ஆயினும், எவ்வளவு பயின்றவரும் மூன்று படிகளுக்கு முன்னே நின்றுவிட நேர்கிறது. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமாகச் சாய்தளம் அமைத்தால், அவர் தாமே ஏறி வருவார். பொதுக் கட்டடங்களில் இத்தகைய வசதி வேண்டும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இடமளித்திருக்கிறது. உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் அது உண்டா என்று நாளை பாருங்கள். இல்லையேல் தலைமையாசிரியரிடம் பணிவுடன் கேளுங்கள்.

நாற்காலியில் வருபவரைக் கண்டால், கேளாமலே அதைப் பிடித்துத் தள்ளாதீர்கள். "உதவி வேண்டுமா? எப்படிச் செய்யட்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், மகிழ்ச்சியுடன் அவர் அருகே நடந்து செல்லுங்கள்.