கன்பூஷியஸும் ஆப்பிரிக்க வாலிபர்களும்



கி.மு. 551-ல் சீன தேசத்தின் லூ நாட்டில் பிறந்த கன்பூஷியஸ் என்பவருடைய ஒழுக்க முறைகளை ஆப்பிரிக்க வாலிபர்களுக்குக் கற்பிக்கலாமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். சீனன் சரக்கு ஆப்பிரிக்கனுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சரக்கு எந்த ஊரில் விளைந்தது என்பதைப்பற்றி நமக்குக் கவலையில்லை. மனிதனுக்குப் பயன்படுமா என்பதுதான் நமது கேள்வி.

கென்யா தேசத்தைப் பாருங்கள். 1963 வரை அது வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தன. ஒழுக்கமென்றால் கடவுள் கட்டளை, மீறினால் நரகம் என்பதே அங்கு பாடம். அதே தேசத்து நைரோபி சர்வகலாசாலையில் 2005-ல் ஆப்பிரிக்காவின் முதல் கன்பூஷியஸ் நிலையம் ஏற்பட்டது. அங்கே முக்கியமாய்க் கற்பிப்பது சீன பாஷைதான். ஆனாலும் பெயர் வந்துவிட்ட பிறகு, அப்பெயருக்குடையவர் சொன்னதென்ன என்று வாலிபர்கள் கேட்காமலிருப்பார்களா?

அவர் நரகத்தைக் காட்டி ஒழுக்கம் கற்பிக்கவில்லை. ஆவிகளைப்பற்றிக் கேட்ட சீடனை, முதலில் மனிதர்க்குச் செய்யவேண்டியதைப் பார்க்கும்படி திருப்பிவிட்டார். ஏழை கொண்டுவந்த கொஞ்சம் உப்புக்கண்டத்தையே தட்சணையாக ஏற்று, குலம் பாராமல் கற்பித்தார். அவருடைய முக்கியமான சொல் 'ரென்' என்பது. அதை எழுதும்போது மனிதன் என்ற குறியையும் இரண்டு என்ற குறியையும் சேர்த்து எழுதுகிறார்கள். கென்யாவில் வழங்கும் சுவாஹிலி பாஷையில் மனிதன் 'ம்டு', மனிதத் தன்மை 'உடு'. பார்த்தீர்களா? இரண்டு பாஷையும் ஒழுக்கத்தை மனிதனிடமிருந்தே எடுத்திருக்கின்றன! ஆகவே ஆப்பிரிக்க வாலிபன் இதைக் கடன் வாங்கவேண்டியதில்லை, தன் வீட்டிலுள்ளதை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கா? இல்லவே இல்லை. அவர் 'வானம்' என்றும் பேசினார், சடங்கையும் போற்றினார். மகன் தகப்பனுக்கும், மனைவி புருஷனுக்கும், குடிகள் அரசனுக்கும் அடங்கிக் கிடக்கவேண்டுமென்று அவர் பெயரைச் சொல்லியே பின்வந்தவர்கள் சீனரை நெடுங்காலம் அடக்கிவைத்தார்கள். 1919-ல் எழுந்த மே நான்கு கிளர்ச்சிக் காலத்தில் சீன வாலிபர்களே அதைச் சாடினார்கள். அந்த அடக்கத்தை மட்டும் ஆப்பிரிக்காவில் போதிப்பதானால், பாதிரியார் போய்ச் சீன வாத்தியார் வந்தார் என்பதைத் தவிர வேறு லாபமென்ன?

2024 ஜூன் 25-ல் அதே நைரோபியில் புது வரி மசோதாவை எதிர்த்து வாலிபர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். போலீஸார் சுட்டதில் பலர் மாண்டார்கள். மறுநாளே ஜனாதிபதி ரூட்டோ மசோதாவில் கையெழுத்திடமாட்டேன் என்று அறிவித்தார். பெரியவர்களை எதிர்த்த இவ்வாலிபர்கள் ஒழுக்கங்கெட்டவர்களா? கன்பூஷியஸையே கேளுங்கள். பதவியின் பெயரைத் தாங்குகிறவன் அப்பெயருக்குத் தக்கபடி நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. தகப்பன் தவறினால் மகன் எடுத்துச் சொல்லவேண்டும் என்பதும் அவர் கட்சிதான். அப்படியானால் ஒழுக்கப் பாடம் முதலில் யாருக்கு வேண்டும்? ஆளுகிறவனுக்கா, பிள்ளைகளுக்கா?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். கற்பியுங்கள், ஆனால் கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கற்பியுங்கள். வாலிபனிடம் மரியாதை எதிர்பார்க்கும் பெரியவன் முதலில் அதற்கு யோக்கியனாகட்டும். கன்பூஷியஸ் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்கவேண்டாம், சீனர் என்பதற்காக எதையும் தள்ளவும் வேண்டாம். அறிவுக்குப் பொருந்தியதைக் கொள்ளுங்கள், பொருந்தாததை அவர் கல்லறையிலேயே விட்டுவிடுங்கள்.