அம்பயர் சொன்னால் சொன்னதுதானா?



இக்கூட்டத்தில் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நமது வாலிபர்கள் பொழுது விடிந்தால் கிரிக்கெட் பேச்சாகவே இருக்கிறார்கள். அதிலிருந்தே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டால் குடிமுழுகிப் போய்விடாது.

வெகு காலமாய் அந்த ஆட்டத்தில் அம்பயர் சொன்னால் சொன்னதுதான். அவர் விரலைத் தூக்கிவிட்டால், தான் அவுட் இல்லை என்பது ஆட்டக்காரனுக்கு நன்றாய்த் தெரிந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். அதற்குக் கௌரவமான ஆட்டம் என்று பெயர்! 1992-ல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் டெண்டுல்கர் ரன் அவுட்டா இல்லையா என்பதை, மூன்றாவது அம்பயர் ஒருவர் டெலிவிஷனில் படத்தைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். அவ்விதம் வெளியேற்றப்பட்டவர்களில் அவரே முதல்வர். ஆனால் அப்போதும் சந்தேகப்படும் உரிமை அம்பயருக்குத்தான். எவன் தலை உருளுகிறதோ அவன் கேட்கக்கூடாது! அவன் கேட்கலாம் என்று ஏற்பட்டது 2008-ல், இலங்கையில் இந்தியா ஆடிய டெஸ்ட் பந்தயங்களில். அதுவும் ஒரு பரீட்சைக்காக. 2009-ல்தான் அது முறைப்படி டெஸ்ட் ஆட்டத்துக்கு வந்தது.

இந்திய கிரிக்கெட் போர்டார் அதை வேண்டாமென்றார்கள். 2008-ல் இலங்கையார் கேட்டது பலமுறை பலித்தது. இந்தியர் கேட்டது பெரும்பாலும் பலிக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டார் சொன்ன காரணமோ, யந்திரம் நூற்றுக்கு நூறு சரியாயில்லை என்பது. தோழர்களே! அம்பயரின் கண் நூற்றுக்கு நூறு சரியாயிருந்ததா? கண்ணைவிட யந்திரம் மேலா, கீழா என்று கேட்பதல்லவா நியாயம்? 2011 உலகக் கோப்பையில், மொகாலி அரையிறுதியில், அதே டெண்டுல்கருக்கு எல்.பி.டபிள்யூ. என்று அம்பயர் விரலைத் தூக்கினார். அவர் அப்பீல் செய்தார். பந்து ஸ்டம்பில் படாமல் போயிருக்கும் என்று யந்திரம் காட்டிற்று. பிழைத்தவர் 85 ரன் எடுத்தார், நாடே கொண்டாடிற்று. போர்டார் மாத்திரம், இரு நாடுகள் தங்களுக்குள் ஆடும் பந்தயங்களில் 2016 வரையில் பெரும்பாலும் வேண்டாமென்றே சாதித்தார்கள்.

அம்பயரின் மதிப்புப் போய்விடும் என்று பயந்தவர்களும் உண்டு. என்ன போயிற்று? இத்தனை ஆயிரம் பேர் முன்னிலையில் அவர் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக் கைகாட்டுகிறார். அடுத்த பந்துக்கும் அவரேதான் நிற்கிறார். நம் ஊர்களிலோ, பெரியவர் பஞ்சாயத்துப் பேசி முடித்த பிறகு சாட்சி ஒன்று புதிதாய்க் கிடைத்தால், சாட்சியைத்தான் விரட்டுகிறோம்!

கேட்கும் உரிமை வந்துவிட்டால் மாத்திரம் போதாது. 2019-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஆஸ்திரேலியர் தமக்கு மிஞ்சியிருந்த ஒரே அப்பீலை வீணாய்ச் செலவழித்தார்கள். அடுத்த ஓவரிலேயே ஸ்டோக்ஸ் உண்மையில் அவுட், அம்பயர் இல்லையென்றார், கேட்க வழியில்லை. ஒரு விக்கெட்டில் தோற்றார்கள்.

யந்திரத்தையும் கும்பிட வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிராய் லிவர்பூல் கட்சியார் போட்ட கோலை மைதானத்து நடுவர்கள் ‘ஆஃப்சைடு’ என்று தள்ளினார்கள். படம், கோல் சரியென்றே காட்டிற்று. படம் பார்த்த நடுவரோ, மைதானத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று தப்பாய் எண்ணிக்கொண்டு, “பரிசோதனை முடிந்தது” என்று சொல்லிவிட்டார். சில விநாடிகளில் தப்பு அவர்களுக்கே தெரிந்துபோயிற்று. ஆனாலும் ஆட்டம் மறுபடி ஆரம்பமாகிவிட்டது, இனி நிறுத்த விதியில்லை என்று விட்டுவிட்டார்கள். லிவர்பூல் 2-க்கு 1 என்று தோற்றது. யந்திரம் பொய் சொல்லவில்லை. விதிதான் குறுக்கே நின்றது. அந்த அறையில் நடுவர்கள் பேசிக்கொண்டதை, பதறினது உட்பட, நடுவர் சங்கத்தாரே பிறகு ஊரறிய வெளியிட்டார்கள். விருப்பமுள்ள தோழர்கள் அதை இன்றும் கேட்டுப் பார்க்கலாம்.